ஸ்டூடியோவுக்குள் காலை ஏழரை மணி: ஜன்னல் வெயிலை ஃபிளாஷில் உருவாக்க முழுமையான வழிகாட்டி

கூடத்து ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கிழக்குப் பார்த்த ஜன்னல், மணி ஏழரை. கம்பி நிழல் தோளிலும் கையிலும் விழுகிறது. முகத்தின் மறுபாதி நிழலில் இருந்தாலும் கண்ணும் கன்னமும் தெரிகின்றன. உண்மையான வீட்டில் இந்தப் படத்தை எடுக்க இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இருபது நிமிடத்தில் 5 டிகிரி என்றால், தோளில் இருந்த கம்பி நிழல் அந்த இடத்தில் இருக்காது. நடுவில் ஒரு மேகம் வந்தால் அதுவும் போச்சு.

இந்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, இதே வெளிச்சத்தை ஒரு சின்ன ஸ்டூடியோவில் எப்படிக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். அறை 12 அடிக்கு 20 அடி, கூரை 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பல ஸ்டூடியோக்கள் ஏறக்குறைய இந்த அளவில் இருக்கின்றன.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலரும் சூரியனுக்கான விளக்கை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் நிழல் கறுப்பாக இருக்கிறதே என்று அதை நிரப்பப் போராடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். நிழலை முதலில் அமையுங்கள், சூரியனைக் கடைசியில் போடுங்கள். ஒரு படத்தைப் பார்த்ததும் இது இயற்கை வெளிச்சம் என்று மனம் நம்புவது நிழலைப் பார்த்துத்தான்.

முதல் படி: முட்டையை வைத்துப் பாருங்கள்

கேமராவைத் தொடும் முன், வீட்டில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வெள்ளை முட்டையை ஸ்டூல் மேல் வைத்து, காலையில் அரை மணி நேரத்துக்கு ஒரு படமாக எடுங்கள். வெள்ளைச் சமநிலையை, அதாவது எந்த நிற வெளிச்சத்தைக் கேமரா வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ‘ஒயிட் பேலன்ஸ்’ அமைப்பை, 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா நிறத்தைத் திருத்தித் திருத்தி உங்களிடமிருந்து மறைத்துவிடும்.

முட்டையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் நிழலாக மாறும் ஓரம் எவ்வளவு அகலம்? நிழல் பக்கம் எத்தனை ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி)? நிழலின் நிறம் என்ன? மூன்றாவதைப் பார்க்கும்போது ஆச்சரியப்படுவீர்கள். வானத்தைப் பார்த்த நிழல் நீலமாக இருக்கும். முட்டையின் அடிவயிறு, தரை சிவப்பு ஆக்ஸைடு சிமென்ட்டாக இருந்தால், செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரே முட்டையில் மூன்று நிறம்.

அந்த மூன்று நிறத்துக்குக் காரணம் மூன்று விளக்குகள். சூரியன் சின்னது, தூரத்தில் இருப்பது, மஞ்சள் கலந்தது. வானம் மிகப் பெரியது, மென்மையானது, நீலம் கலந்தது. மூன்றாவது தரையும் சுவரும். அவற்றுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மற்ற இரண்டிடமும் வாங்கித் தன் நிறத்தைப் பூசித் திருப்பி அனுப்புகின்றன. ஸ்டூடியோவில் இந்த மூன்றையும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். வெள்ளைத் துணி மூடிய பெட்டிபோல் விளக்கில் மாட்டும் ஒரே சாஃப்ட்பாக்ஸில் மூன்றையும் எதிர்பார்ப்பதால்தான் படம் ‘ஸ்டூடியோ படம்’ போலவே இருந்துவிடுகிறது.

இரண்டாம் படி: அறையை இருட்டாக்குங்கள்

விளக்கு எதுவும் எரியாமல், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, ஷட்டர் 1/125 வினாடி, லென்ஸ் துளை எஃப் 4 வைத்து ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பாக வரவில்லை என்றால் டியூப்லைட்டை அணையுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். இனி இந்த செட்டிங்கை மாற்றப் போவதில்லை.

தேவையான பொருட்கள்: ஸ்டூடியோ ஃபிளாஷ் இரண்டு, கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ் ஒன்று, கேமராவோடு சேர்ந்து ஃபிளாஷ்களை அடிக்கவைக்கும் டிரிக்கர், உயரமான ஸ்டாண்டுகள், தெர்மாகோல் பலகை நாலைந்து, கறுப்பு சார்ட், ஒரு எட்டு முழ வேட்டி. லைட் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் கேமராவின் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டு-வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வைத்துச் சமாளிக்கலாம்.

வேட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீலம் போட்டு வெளுத்ததோ, பளிச்சென்று வெள்ளையாக்கும் சோப்புத்தூளில் துவைத்ததோ வேண்டாம். நீலம் துணிக்கே நீலச் சாயல் தரும், சோப்புத்தூளிலுள்ள வெண்மையூட்டி ஃபிளாஷிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும், தோல் நிறம் கெட்டுவிடும். கோடி வேட்டியைக்கூட முதலில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறிய பருத்தி வேட்டி பரவாயில்லை, அந்த இளமஞ்சளைக் கேமராவில் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: அறையின் காற்றில் நிறைந்திருக்கும் வெளிச்சம்

பகல் நேரத்தில் எந்த அறையிலும், வெயில் படாத மூலையில்கூட, கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அது எங்கிருந்தும் வருவதுபோல் தெரியாது, தனக்கென்று நிழலும் போடாது. இதுதான் முதல் விளக்கு.

இதை இந்தியாவில் மிக அழகாகச் செய்து காட்டியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்துக்கு, காசியிலுள்ள வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டியிருந்தது. மழைக்குப் பயந்துதான் உள்ளே போட்டார்கள். முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை ஸ்டூடியோவில் கொண்டுவர முடியாது என்று முதலில் வாதாடியவரே மித்ராதான். பிறகு செட்டுக்கு மேலே வானம்போல வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்துத் திருப்பினார். இன்று எல்லோரும் சர்வசாதாரணமாக ‘பவுன்ஸ்’ என்று சொல்லும் வேலை அது. எனக்கு இதில் பிடித்த விஷயம், அவர் விளக்கின் மாடலை யோசிக்கவில்லை, முற்றத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார் என்பது.

நம் அறையில் ஒரு ஸ்டூடியோ ஃபிளாஷை, கேமராவுக்குப் பின்னால், சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்த்துத் திருப்புங்கள். சுவர் வெள்ளையாக இல்லையென்றால் இரண்டு தெர்மாகோலைச் சாய்த்து வையுங்கள். ஆள் உட்காரும் இடத்தில் மீட்டர் எஃப் 1.4 காட்டும்வரை பவரைக் குறையுங்கள். நம் படம் எஃப் 4இல் எடுக்கப்போவதால், இது மூன்று ஸ்டாப் குறைவு.

இப்போது ஒரு படம் எடுங்கள். மிக இருட்டாக, ஆனால் எல்லாம் மங்கலாகத் தெரிகிற ஒரு படம் வரும். புடவையின் மடிப்பு தெரிய வேண்டும், எந்தப் பொருளுக்கும் ஓரம் தெளிவான நிழல் இருக்கக் கூடாது. மூக்குக்கு ஒரு நிழல் தெரிந்தால், வெளிச்சம் பரவவில்லை என்று பொருள். ஃபிளாஷை மூலையிலிருந்து இன்னும் தள்ளி வைத்து, வெளிச்சம் படும் சுவரின் பரப்பைப் பெரிதாக்குங்கள்.

மூன்று ஸ்டாப் என்பது வெள்ளையடித்த கூடத்துக்கு. மர உத்தரமும் கருங்கல் தூணும் உள்ள பழைய வீடு என்றால் நாலு ஸ்டாப் வரை இறங்கலாம். சின்ன குவார்ட்டர்ஸ் அறை என்றால் இரண்டு போதும். இந்த ஒரு எண்தான் அது யார் வீடு, எப்படிப்பட்ட வீடு என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது. அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

நான்காம் படி: ஜன்னல்

எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் ஏறக்குறைய 6 அடிக்கு 4 அடி வரும். அதைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிடுங்கள், இதுதான் நம் ஜன்னல். ஆளின் முகத்திலிருந்து 3 அடி தூரத்தில், கேமராவுக்கு இடப்பக்கம், முகத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். இரண்டாவது ஸ்டூடியோ ஃபிளாஷ் துணிக்குப் பின்னால் 4 அடி தள்ளி. அருகில் வைத்தால் துணியின் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பந்து தெரியும். அப்போது உங்கள் ஜன்னலின் உண்மையான அளவு அந்தப் பந்துதான், துணி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. துணி ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக ஒளிர வேண்டும். சினிமாக்காரர்கள் ஸ்கிம்மரை (சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணி) விளக்கிலிருந்து தள்ளிப் பிடிப்பது இதற்குத்தான்.

முகத்தில் எஃப் 4 வரும்படி பவரை வையுங்கள். இப்போது எடுக்கும் படம் மேகமூட்டமான காலை போல இருக்கும். இதுவே பல சமயம் போதுமான அழகு.

இந்த இடத்தில் தூரத்தைக் கொஞ்சம் விளையாடிப் பார்க்க வேண்டும். ஆளைத் துணிக்கு 2 அடிக்குள் கொண்டுபோனால் வெளிச்சம் முகத்தில் நிறைந்து, பின்சுவர் சட்டென்று இருண்டுவிடும். 6 அடிக்குத் தள்ளினால் முகமும் சுவரும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்துவிடும். பின்னணியை இருட்டாக்க பலர் கறுப்புத் திரை தேடுகிறார்கள், அதற்குப் பதில் ஆளை ஜன்னலுக்கு அருகில் நகர்த்தினாலே வேலை முடிந்துவிடும்.

கண்ணைப் பாருங்கள். கருவிழியில் ஜன்னல் தெரியும். வெறும் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தால் அது சாஃப்ட்பாக்ஸ் என்று காட்டிக்கொடுத்துவிடும். வேட்டியின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நெடுக்காக இரண்டு, குறுக்காக ஒன்று ஒட்டுங்கள். கண்ணுக்குள் ஒரு நிஜ ஜன்னல் உட்கார்ந்துவிடும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் அங்கே அது சரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். நம் வடக்கு ஜன்னலில் வெயிலே விழுகிற மாதங்கள் உண்டு.

ஐந்தாம் படி: சூரியன்

இப்போதுதான் சின்ன ஃபிளாஷை எடுக்கிறோம். சூரியனுக்கு ஏன் சின்ன விளக்கு என்று கேட்கலாம். பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் வானில் அரை டிகிரிதான் இருக்கிறது. அதாவது விளக்கின் விட்டத்தைவிட ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் அந்த விளக்கு இருந்தால் அது சூரியன் போடும் நிழலைப் போடும். ஸ்டூடியோ ஃபிளாஷின் முன் மாட்டும் வழக்கமான 18 செ.மீ. ரிஃப்ளெக்டர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட 19 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு ஒரு கல்யாண மண்டபம் வேண்டும். ஆனால் 4 செ.மீ. வட்டம் என்றால் 15 அடியே போதும், நம் அறைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே கறுப்பு சார்ட்டில் 4 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி, ஃபிளாஷின் முகத்தில் ஒட்டுங்கள். ஃபிளாஷ் சூடாகும் என்பதால் விடாமல் அடிக்காதீர்கள். வெளிச்சம் குறுகலாக வர ஃபிளாஷின் ஸூமை 105இல் வையுங்கள். ஆளிடமிருந்து 15 அடி தள்ளி, வேட்டி ஜன்னலின் பின்விளிம்பை ஒட்டி இரண்டடி இடைவெளி விட்டு, அந்தச் சந்து வழியாக வெளிச்சம் வரட்டும். முகத்துக்குச் சற்றே பின்னாலிருந்து வருவதால் தோள், கை, மடியிலுள்ள பூ, காதோரம் இவற்றில் மட்டும் வெயில் படும். முகத்தின் முன்பக்கம் ஜன்னலின் மென்மையிலேயே இருக்கும். துணி ஓரிடத்திலும் சூரியன் ஓரிடத்திலும் இருந்தாலும், பார்ப்பவர் இரண்டையும் ஒரே ஜன்னலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

தூரத்தைக் குறைக்காதீர்கள். நிழல் ஓரம் கெடுவது ஒரு பக்கம். இன்னொன்று, விளக்கை 3 அடியில் வைத்தால் அருகிலுள்ள தோளுக்கும் ஒன்றரை அடி தள்ளியுள்ள தோளுக்கும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். 15 அடியில் அதே வித்தியாசம் கால் ஸ்டாப்தான். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு இரண்டு தோளும் ஒன்றே.

உயரம் எவ்வளவு? காலை ஏழரை என்றால் சூரியன் உதித்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும், ஏறக்குறைய 20 டிகிரி. 15 அடி தூரத்துக்கு, முகத்தின் மட்டத்திலிருந்து ஐந்தரை அடி மேலே. தரையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும், எனவே விளக்கு 8 அடியில். 10 அடி கூரைக்குள் தாராளம். நிற்கும் ஆளுக்கு இதே கணக்கைப் போட்டால் பத்தரை அடி வரும், கூரை இடிக்கும். தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளைப் படமாக்க சின்ன ஸ்டூடியோ ஏற்றது என்பதற்கு இதுதான் காரணம்.

கம்பி நிழலுக்கு, 2 அடிக்கு 3 அடி சட்டத்தில் கறுப்பு சார்ட் பட்டைகளை நெடுக்காக ஒட்டி, ஆளிடமிருந்து 4 அடி தள்ளி நிறுத்துங்கள். வெட்டி எறிந்த பழைய ஜன்னல் கிரில் கிடைத்தால் இன்னும் நல்லது. நிழல் கூர்மையாக வேண்டுமென்றால் கிரில்லை ஆளுக்கு அருகே நகர்த்துங்கள். கரைந்து போக வேண்டுமென்றால் விளக்கை நோக்கித் தள்ளுங்கள். சட்டத்தைச் சுற்றிச் சிந்தும் வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் மறையுங்கள். சினிமாவில் கட்டர் வைப்பது என்பார்களே, அந்த வேலை. சின்ன ஃபிளாஷ் பலவற்றில் மாடலிங் லைட் (நிழல் விழும் இடத்தைக் காட்ட விடாமல் எரியும் விளக்கு) கிடையாது. அதனால் நிழல் எங்கே விழும் என்று பார்க்க, ஃபிளாஷ் இருக்கும் இடத்தில் மொபைல் டார்ச்சைப் பிடித்துப் பார்க்கலாம்.

வெயில் படும் இடத்தில் மீட்டர் எஃப் 5.6 காட்டட்டும், அதாவது முகத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதல். நிஜ வெயில் இன்னும் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மடியில் இருப்பது மல்லிகை. இரண்டு ஸ்டாப் ஏற்றினால் பூ வெறும் வெள்ளையாக வெளிறி (பர்ன் ஆகி) இதழ் தெரியாமல் போய்விடும்.

மரத்தடி வெயில் வேண்டுமானால்

கிரில்லுக்குப் பதில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். இதில் பலர் கவனிக்காத ஓர் இயற்கை நுணுக்கம் இருக்கிறது. மரத்தடியில் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாக இருப்பதற்கும் இலை இடுக்கின் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து சூரியனின் படத்தையே தரையில் போடுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, மரத்தடியெங்கும் பொட்டுகள் வளையல் வளையலாக விழுந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஸ்டூடியோவிலும் அதே விதிதான். ஃபிளாஷின் முகம் நீள்சதுரமாக இருந்தால் பொட்டுகளும் நீள்சதுரமாகும், ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். நாம் ஒட்டிய வட்டம் இங்கேயும் காப்பாற்றுகிறது.

ஆறாம் படி: நிறம்

சின்ன ஃபிளாஷின்மேல் ஹாஃப் சிடிஓ ஜெல் ஒன்றைப் போடுங்கள், வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் நிறத்தாள் அது. லீ நிறுவனத்தின் அட்டவணையில் அதன் எண் 205. ஃபிளாஷின் 5500 கெல்வின் இதனால் ஏறக்குறைய 3400க்கு இறங்கும், விளக்கின் எண் குறைந்தால் மஞ்சள் கூடும். மற்ற இரண்டு ஃபிளாஷுக்கும் ஜெல் வேண்டாம். கேமராவில் வெள்ளைச் சமநிலையை 4500இல் வையுங்கள். சூரியன் இளமஞ்சளாகவும் ஜன்னலும் நிழலும் லேசான நீலத்திலும் தெரியும். ஒரே ஒரு ஜெல்லில் இரண்டு நிறமும் கிடைத்துவிட்டன. மொத்தப் படத்தையும் கணினியில் மஞ்சளாக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நிழலில் தெரியும்.

தரையை மறக்காதீர்கள். ஸ்டூடியோ தரை வெள்ளை டைல்ஸாக இருந்தால், அது வெள்ளையாகவே வெளிச்சத்தைத் திருப்பும், தாடைக்குக் கீழே மருத்துவமனை போலிருக்கும். வெயில் விழும் இடத்தில் ஒரு செங்காவி நிறத் துணியையோ பாயையோ விரியுங்கள். கழுத்தடியிலும் உள்ளங்கையிலும் ஒரு செம்மை ஏறும், பழைய சிவப்புத் தரை வீடுகளில் பார்த்த அதே செம்மை.

மாலை வேண்டுமானால் ஜெல்லை ஃபுல் சிடிஓவாக மாற்றி, விளக்கை முகத்தின் மட்டத்துக்கே இறக்குங்கள், மற்ற இரண்டையும் அரை ஸ்டாப் குறையுங்கள்.

நம் தோல் நிறம்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கறுத்த தோலை வெளுப்பாக்குவதற்காக எக்ஸ்போஷரை ஏற்றாதீர்கள். வெளிர் தோலின் வடிவம் நிழலில் தெரியும், கறுத்த தோலின் வடிவம் அதன்மேல் படியும் பளபளப்பில் தெரியும். கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வேட்டி ஜன்னல் அப்படியே பிரதிபலிக்கும். ஜன்னல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமாகவும் மென்மையாகவும் அந்த மினுமினுப்பு இருக்கும். எனவே எக்ஸ்போஷரைத் தொடாமல், நிழல் பக்கம் படத்தில் தெரியாத அளவுக்கு ஒரு தெர்மாகோலை நிறுத்துங்கள். தாடையின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளிக்கோடு விழும், முகம் இருட்டிலிருந்து பிரிந்து வரும். பவுடர் குறைவாக இருக்கட்டும், பவுடர் இந்தப் பளபளப்பைக் கொன்றுவிடும். பட்டுப் புடவை ஜரிகைக்கும் தங்கத்துக்கும் இதே வழிதான்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு கூர்மையான நிழல் இருக்கக் கூடாது, வானத்தில் ஒரு சூரியன்தான். கண்ணில் ஜன்னலைத் தவிர இன்னொரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது எந்த விளக்கு என்று கண்டுபிடித்து மறையுங்கள். வெயில் கதிர் காற்றில் தெரிய வேண்டுமானால், பின்னணி இருட்டாக இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் சாம்பிராணி போட்டு, புகை சீராகப் பரவ இரண்டு நிமிடம் விடுங்கள். உடனே படம் எடுத்தால் புகை சுருள் சுருளாகத் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. சூரியனுக்கான சின்ன ஃபிளாஷை மட்டும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். தெருவில் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்ததுபோல் இருந்தால் மூன்றும் சரியாக அமைந்திருக்கின்றன. விளக்கு அணைந்ததுபோல் இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், மூலையிலுள்ள ஃபிளாஷைக் கால் ஸ்டாப் கால் ஸ்டாப்பாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். மேகப் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், சில முகங்களுக்கு அதுதான் பொருந்துகிறது.